சின்ன டிராக்டர் வாங்கியாயிற்று. பின்னால் எதைப் பூட்டுவது?

சனிக்கிழமை மாலை தம்பானூர் பஸ் நிலையத்தில் நாகர்கோவில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் கூட்டத்தில் பலருக்குத் திருவனந்தபுரத்தில் வேலை, ஊரில் நிலம். சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதுகிறவர், கரமனையில் வாடகைக்குக் குடியிருந்து ஆபீஸுக்குப் போகும் குமாஸ்தா, கட்டிட வேலைக்கு வந்த கொத்தனார் எல்லோரும் அதில் உண்டு. சுமார் 65 கிலோமீட்டருக்கு அப்பால் தோவாளையிலோ கல்குளத்திலோ அப்பன் வழி வந்த ஒரு ஏக்கரோ இரண்டு ஏக்கரோ கிடக்கிறது. அதை விற்கவும் மனமில்லை. தரிசாகப் போடவும் மனமில்லை.

முன்பு உழவு மாடு இருந்தது. இன்று மாடும் இல்லை, ஏர் பிடிக்க ஆளும் இல்லை. பருவத்தில் பெரிய டிராக்டரை வாடகைக்குக் கூப்பிட்டால், பெரிய வயல்களை முடித்துவிட்டுத்தான் சின்ன வயலுக்கு வருகிறது. வந்தாலும் வரப்பைத் தாண்ட முடியாமல் நிற்கிறது. ஆகவே 15, 18, 20 குதிரைசக்தியில் வரும் சின்ன டிராக்டர்களின் மேல் பலருக்கும் கண் விழுகிறது. மூன்றடி, நான்கடி அகலமே உள்ள வண்டி. தென்னைகளுக்கு ஊடே தாராளமாகப் போய்வரும்.

வண்டியின் விலையைப் பேசி முடித்துக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் சமயத்தில் வியாபாரி இரண்டாவது பட்டியலை எடுக்கிறார். ரோட்டவேட்டர், கொத்துக் கலப்பை, பார் போடும் கலப்பை, கேஜ் வீல், டிரெயிலர், மருந்து தெளிப்பான், குழி தோண்டும் கருவி என்று அது நீளுகிறது. "எல்லாவற்றையும் ஒரே கடனில் சேர்த்துவிடலாம்" என்கிறார். தவணை கொஞ்சம்தான் கூடுகிறது என்று வாங்குகிறவரும் தலையாட்டிவிடுகிறார். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் ஒரு கருவி மட்டும் தேய்ந்திருக்கிறது. மற்றவை மாட்டுக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. தவணை மட்டும் மாதச் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டே இருக்கிறது.

இந்த நஷ்டத்தைத் தவிர்க்க வழி உண்டு. கடைக்குப் போகுமுன் சொந்த நிலத்தில் எந்த வேலைக்குக் கூலி அதிகம் போகிறது என்று கணக்கெடுத்து, முதலில் அந்த வேலைக்குரிய கருவியை மட்டும் வாங்குவது.

மூன்று புள்ளிப் பிடிப்பு

கருவிகளைப் பற்றிப் பேசுமுன் அவை வண்டியில் எப்படிப் பொருந்துகின்றன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. டிராக்டரின் பின்புறம் கீழே இரண்டு கைகளும் மேலே ஒரு கையும் உள்ளன. வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் வடிவமைத்த முறை இது. அதற்கு முன்பெல்லாம் கலப்பையைச் சங்கிலியால் கட்டி இழுத்தார்கள். கலப்பை பாறையில் மாட்டினால் வண்டியின் முன்பக்கம் தூக்கி, ஓட்டுகிறவர் மேலேயே கவிழ்ந்துவிடும். பெர்குசனின் மூன்று கைப் பிடிப்பு கலப்பையின் பாரத்தைப் பின் சக்கரங்களுக்கு மாற்றியது. அதே சமயம் வண்டி பின்னால் சாயும் அபாயத்தையும் குறைத்தது. 1939-ல் அமெரிக்காவின் போர்டு கம்பெனி இந்தப் பிடிப்போடு டிராக்டரை வெளியிட்டபின் உலகமே இந்த முறைக்கு வந்துவிட்டது. சென்னையில் 1960-ல் தொடங்கிய டாபே நிறுவனம் வழியாகத் தமிழ்நாட்டு வயல்களுக்கு வந்த மாசே பெர்குசன் வண்டிகளின் பெயரிலுள்ள பெர்குசன் இவர்தான்.

பிடிப்பு முறை ஒன்றானாலும் அளவு ஒன்றல்ல. கீழ்க்கைகளில் மாட்டும் ஆணி, பெரிய டிராக்டரில் சுமார் 28 மில்லிமீட்டர் கனம்; நடுத்தர, சிறிய வண்டிகளில் சுமார் 22 மில்லிமீட்டர்; மிகச் சிறிய வண்டிகளில் சுமார் 16 மில்லிமீட்டர். கைகளுக்கு இடையேயுள்ள அகலமும் அதற்கேற்ப மாறும். ஊரில் யாரோ பெரிய டிராக்டரின் பழைய ஒன்பது கொத்துக் கலப்பையை மலிவாகத் தருகிறார் என்று வாங்கிப் போட்டால் அது சின்ன வண்டியில் பொருந்தாது. வெல்டிங் வைத்துப் பொருத்தினாலும் இழுக்காது. முன்சக்கரம் தரையை விட்டு எழும். பழைய கருவி வாங்குகிறவர்கள் அளவு நாடாவுடன் போவது நல்லது.

குதிரைசக்தியை நம்பலாமா?

விளம்பரத்தில் போடும் 18 குதிரைசக்தி என்பது என்ஜினின் சக்தி. ரோட்டவேட்டரையும் தெளிப்பானையும் சுற்றுவது, மெக்கானிக்குகள் பி.டி.ஓ. என்று சொல்லும் பின்தண்டு. பல்சக்கரங்களைக் கடந்து அங்கே வந்து சேரும் சக்தி அதைவிடக் குறைவு. கருவியைத் தீர்மானிப்பது இந்தப் பின்தண்டுச் சக்தியும், பின்கைகள் எத்தனை கிலோவைத் தூக்கும் என்பதும்தான். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரிலுள்ள மத்திய அரசின் பரிசோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. அதில் இவ்விரு எண்களும் இருக்கும். விளம்பரத் தாளை வாங்கிக்கொண்டு திரும்பாமல் அந்த அறிக்கையின் நகலைக் கேட்க வாங்குகிறவருக்கு உரிமை உண்டு.

பொதுவாக 15 முதல் 20 குதிரைசக்தி வண்டிக்கு 80 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை அகலமுள்ள ரோட்டவேட்டர் போதும். "இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்தால் சீக்கிரம் முடியுமே" என்று ஐந்தடிக் கருவிக்கு ஆசைப்பட்டால் என்ஜின் திணறும், டீசல் கூடும், கிளட்ச் போகும். ஐந்தடி ரோட்டவேட்டர் 35, 40 குதிரைசக்தி வண்டிகளுக்கு உரியது.

நெல் வயல் உள்ளவருக்கு

கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் பயிரிடும் நாஞ்சில் நாட்டுக்காரருக்கும், வெள்ளாயணிக் காயலை ஒட்டிய தாழ்நிலத்தில் குத்தகைக்குப் பயிரிடுகிறவருக்கும் முதல் கருவி ரோட்டவேட்டர். இரண்டாவது கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரம். சேற்றில் ரப்பர் டயர் வழுக்கி ஒரே இடத்தில் சுற்றும். கூண்டுச் சக்கரம் சேற்றைப் பிடித்து வண்டியை நகர்த்தும். ஆனால் அதை மாட்டிக்கொண்டு தார் ரோட்டில் ஓட்டக்கூடாது. ரோடும் கெடும், சக்கரமும் வளையும். வயலுக்குப் பக்கத்தில் வைத்து மாட்டிக் கழற்ற இடம் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரோட்டவேட்டர் மண்ணைப் பொடியாக்கித் தருவதால் அதன் மேல் எல்லோருக்கும் மோகம். ஆனால் வருஷக்கணக்கில் அதை மட்டுமே ஓட்டினால், கத்தி எட்டும் ஆழத்துக்குக் கீழே மண் இறுகிக் கெட்டித் தட்டாகிவிடுகிறது. வேரும் தண்ணீரும் கீழே இறங்குவதில்லை. ஆகவே நெல்லுக்குப் பின் உளுந்தோ மரவள்ளியோ போடுகிறவர்கள் கோடையில் ஒருமுறையாவது ஐந்து கொத்துக் கலப்பையால் கீறிவிடுவது அவசியம். சுழலும் பாகம் ஒன்றும் இல்லாத கருவி அது. விலையும் குறைவு, ரிப்பேரும் குறைவு. பட்டியலில் கடைசியில் கிடந்தாலும் பலருக்கு நீண்ட நாள் உழைக்கப்போவது இதுதான்.

நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை பக்கம் வெட்டுக்கல் கலந்த செம்மண் மேட்டு நிலம் வைத்திருப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கல்லில் பட்டு ரோட்டவேட்டர் கத்திகள் ஒடியும். அத்தகைய நிலத்தில் முதலில் கொத்துக் கலப்பையை ஓட்டிக் கல்லைப் பொறுக்கியபின் ரோட்டவேட்டரை இறக்குவதே முறை.

தென்னையும் வாழையும்

தென்னந்தோப்பில் மரத்துக்கு மரம் ஏழரை மீட்டர், அதாவது 25 அடி இடைவெளி விடுவது வழக்கம். சின்ன டிராக்டருக்கு இது ராஜபாட்டை. மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் வட்டத்தை விட்டுவிட்டு நடுவே மட்டும் உழவேண்டும்; உரம் தின்னும் வேர்கள் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கின்றன.

தோப்பில் கூலியைத் தின்பது உழவை விட மட்டை அகற்றும் வேலைதான். ஒரு தென்னை வருஷத்துக்குப் பன்னிரண்டு மட்டைகளுக்குக் குறையாமல் உதிர்க்கும். ஏக்கருக்கு 70 மரம் என்றால் 840 மட்டை. அவற்றை எரிக்காமல் பொடித்து மரத்தடியிலேயே மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும். பின்தண்டில் ஓடும் மட்டை தூளாக்கும் கருவி இதற்கு உண்டு. ஆனால் அதற்குச் சக்தி அதிகம் வேண்டும். எல்லாச் சின்ன வண்டிகளும் அதை ஓட்டமாட்டா. ஓட்டினாலும் ஒரு ஏக்கர்காரருக்கு வருஷத்தில் சில நாள் வேலைதான். நாலைந்து தோப்புக்காரர்கள் சேர்ந்து வாங்கவோ, வாடகைக்கு எடுக்கவோ வேண்டிய கருவி இது.

நேந்திரன் வாழை இரண்டு மீட்டர் இடைவெளியில் நிற்கும். கன்று சிறிதாக இருக்கும்வரை நடுவே களையெடுக்க வண்டி போகும். இலை விரிந்தபின் போகாது. ஆகவே வாழைக்காரருக்குக் களைக்கருவியை விடப் பார் போடும் கலப்பையும், வண்டியை வரப்பில் நிறுத்திக் குழாயை உள்ளே இழுத்துச் சென்று அடிக்கும் மருந்துத் தெளிப்பானும் பயன்படும்.

குழி தோண்டும் கருவியைப் பார்த்ததும் தென்னைக்காரர்கள் மயங்குவார்கள். தென்னைக்குழி ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம் கொண்டது. இந்தக் கருவியோ திருகுபோல இறங்கி ஓரடி, ஒன்றரையடி அகலத்தில் துளையிடுவது. மிளகுக் கொடிக்கால், வேலிக்கால் ஆகியவற்றுக்குச் சரி, தென்னைக்கு ஆகாது. வேலிக்கால் நடுவது பத்து வருஷத்துக்கு ஒருமுறை. அதற்காக ஒரு கருவியைச் சொந்தமாக்குவது கல்யாணத்துக்குப் பந்தல்காரனையே விலைக்கு வாங்குவதுபோல.

மண் அள்ளும் முன்வாளியும் அப்படியே. சின்ன வண்டியின் முன்னால் பாரம் ஏறினால் பின்சக்கரம் லேசாகும். பின்னால் எதிர்ப்பாரம் கட்டாமல் ஓட்டுவது ஆபத்து. மண் நிரவும் வேலை வந்தால் ஜே.சி.பி.யை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்வதே சிக்கனம்.

ஒரு குமாஸ்தாவின் கணக்கு

ஒரு மீட்டர் ரோட்டவேட்டர், மணிக்கு 2 கிலோமீட்டர் வேகம். திரும்புதல், நிறுத்துதல் போக மணிக்குச் சுமார் 40 சென்ட் உழும். ஒரு ஏக்கருக்கு இரண்டரை மணி நேரம். இரண்டு ஏக்கர், வருஷத்துக்கு இரண்டு பூ, பூவுக்கு இரண்டு சால் என்று வைத்தால் மொத்தம் 20 மணி நேரம். அதாவது ஆயிரக்கணக்கில் பணம் போட்டு வாங்கும் கருவிக்கு ஒரு வருஷத்தில் மூன்று நாள் வேலை கூட இல்லை.

உதாரணத்துக்கு அந்தக் கருவி 80,000 ரூபாய், எட்டு வருஷம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 10,000. அதை 20 மணியால் வகுத்தால் மணிக்கு 500 ரூபாய். இதில் வண்டியின் விலையும் வட்டியும் டீசலும் ஓட்டுகிறவர் சம்பளமும் சேரவில்லை. அதே கருவி அக்கம்பக்கத்து வயல்களுக்கும் போய் வருஷத்துக்கு 100 மணி ஓடினால் மணிக்கு 100 ரூபாய்தான் விழும். ஒவ்வொரு கருவிக்கும் இப்படி ஒரு வரி எழுதிப் பார்த்து, உள்ளூர் வாடகையுடன் ஒப்பிட்டால், எதை வாங்குவது, எதை விடுவது என்பது காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.18 ஹெக்டேர், அதாவது 44 சென்ட்தான். தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர். இந்த அளவில் எல்லாக் கருவிகளையும் ஒருவரே வைத்திருப்பது கட்டுப்படியாகாது. அதனால்தான் கேரளத்தில் கிருஷி பவன்களைச் சார்ந்து கார்ஷிக கர்ம சேனைகள் ஏற்பட்டன. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை கருவிகளை மணிக் கணக்கில் வாடகைக்கு விடுகிறது.

நிலம் ஒரு ஏக்கருக்கும் குறைவு, வரப்புகளும் குறுகல் என்றால் டிராக்டரே வேண்டுமா என்றும் யோசிக்கலாம். எர்ணாகுளம் மாவட்டம் அத்தாணியில் 1973-ல் தொடங்கிய கேரள அரசின் காம்கோ நிறுவனம் ஜப்பானின் குபோட்டா முறையில் பவர் டில்லர்களைச் செய்துவருகிறது. பெங்களூரின் வி.எஸ்.டி. நிறுவனம் 1967 முதல் மிட்சுபிஷி தொடர்புடன் இத்துறையில் இருக்கிறது. பவர் டில்லரில் உழும் கத்திகள் வண்டியோடு சேர்ந்தே வரும். ஆனால் பின்னால் நடந்து ஓட்ட உடம்பில் வலு வேண்டும்.

நாலு முழ வேட்டி

பணக் கணக்கைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. பின்தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது, விநாடிக்கு ஒன்பது. ஏழு சென்டிமீட்டர் கனமுள்ள தண்டு என்றால் ஒரே விநாடியில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் துணியைச் சுற்றி இழுத்துவிடும். நாலு முழ வேட்டியின் நீளம் அவ்வளவுதான். "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் வேட்டியும் காலும் உள்ளே போய்விடும். அந்தத் தண்டின் மேல் வரும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறிகிறவர்கள் உண்டு. உறை இல்லாத கருவியை எவ்வளவு மலிவானாலும் வாங்கக்கூடாது. எஞ்சினை நிறுத்தாமல் கத்தியில் சிக்கிய புல்லை எடுக்கக்கூடாது. வேட்டியுடனோ, தொங்கும் துண்டுடனோ அருகில் போகக்கூடாது.

பட்ட தென்னையின் அடிக்கட்டையைச் சங்கிலி கட்டி இழுப்பதும் உயிருக்கு ஆபத்து. சங்கிலியை மேல்கையில் மாட்டி இழுத்தால், பெர்குசனுக்கு முந்திய காலத்தைப்போல வண்டி பின்பக்கமாகக் கவிழும். இழுக்க வேண்டியதைக் கீழேயுள்ள இழுப்புக் கொக்கியில்தான் மாட்டவேண்டும். சரிவான மேட்டில் குறுக்காக ஓட்டுவதும், டிரெயிலரில் வேலையாட்களை ஏற்றிச் செல்வதும் இதே வகை. டிரெயிலரைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்; அதில் ஆட்களை ஏற்றச் சட்டம் இடம் தருவதில்லை; விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸும் கைவிட்டுவிடக்கூடும்.

நகரத்தில் வேலை பார்க்கிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். வண்டியை வாங்குகிறவர் திங்கட்கிழமை காலை திருவனந்தபுரத்துக்கு வந்துவிடுவார். மழை பெய்து வயல் பதமாகும் நாள் புதன்கிழமையாக இருக்கலாம். அன்று கருவியைப் பூட்டப் போவது ஊரிலுள்ள வயதான அப்பாவோ, தம்பியோ, கூலிக்கு வரும் பையனோதான். சிறிய ரோட்டவேட்டரே நூறு கிலோவுக்கு மேல் கனம். ஒற்றை ஆளாகத் தள்ளிப் பூட்டினால் விரல் நசுங்கும். ஆகவே கடையில் கருவியைப் பார்க்கும்போது, வீட்டில் அதைப் பூட்டப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. அவர் கையாலேயே இரண்டு முறை பூட்டிக் கழற்றச் சொல்ல வேண்டும். அவரால் முடியாத கருவி அந்த வீட்டுக்கு வேண்டாம்.

மானியமும் ரசீதும்

மத்திய அரசின் வேளாண் இயந்திரமயத் திட்டத்தில் கருவிகளுக்கும் மானியம் உண்டு. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர் ஆகியோருக்குப் பொதுவாக 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு வழங்குகிறார்கள். விண்ணப்பிக்க வேண்டியது நிலம் இருக்கும் மாநிலத்தில். கன்னியாகுமரி மாவட்டத்தில் நிலம் உள்ளவர், எத்தனை காலம் திருவனந்தபுரத்தில் இருந்தாலும், பட்டா, சிட்டாவுடன் அங்குள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தைத்தான் அணுகவேண்டும். நெய்யாற்றின்கரையில் நிலம் வாங்கியவர் கரம் கட்டிய ரசீதுடன் கிருஷி பவனுக்குப் போகவேண்டும். அனுமதி கைக்கு வந்த பிறகே கருவியை வாங்குவது முக்கியம். முதலில் வாங்கிவிட்டுப் பின்னர் மனுப் போட்டு ஏமாறக்கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் உழவுக் கருவிகளுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ரசீதில் அந்த விகிதம்தானா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவுக்கும் தொடக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நாற்பது பக்க நோட்டும். காலையில் நிலத்தைச் சுற்றி வந்து, வண்டி நுழையும் வழியின் அகலம், ஈரம், கல், சரிவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு வீட்டில் உட்கார்ந்து, போன வருஷம் உழவுக்கு எவ்வளவு, களைக்கு எவ்வளவு, மட்டை அகற்ற எவ்வளவு, வண்டி வாடகைக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும். மிகப் பெரிய தொகை எதுவோ அதற்கான கருவி முதலாவது. அதற்கடுத்தது இரண்டாவது. மூன்றாவதை ஒரு வருஷம் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டுத் தீர்மானிக்கலாம். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் திரும்பும்போது அந்த நோட்டு பையில் இருந்தால், வியாபாரி எடுக்கும் இரண்டாவது பட்டியலில் எத்தனை வரிகளை அடிக்கலாம் என்பது களியக்காவிளை தாண்டுமுன்பே தெரிந்துவிடும்.